குழுக் கணக்கில் தொடங்குங்கள், டீச்சர்

மன்னார்குடி பக்கம் ஓர் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் கணினி அறிவியல் எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "கம்ப்யூட்டர் குரூப்தான் வேண்டும் என்று கேட்டுத்தான் பிள்ளைகள் சேர்கிறார்கள். மார்க்கும் நன்றாகவே வாங்குகிறார்கள். ஆனால் பிளஸ் டூ முடிந்ததும் பலர் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. கல்லூரியில் சேருகிறவர்களும் சொந்தமாக ஒரு புரோகிராம் எழுதப் பயப்படுகிறார்கள். நடைமுறைப் பயன்பாடுகளோடு சொல்லிக்கொடுத்தால் பெண் பிள்ளைகளுக்கு ஈடுபாடு வரும் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? எங்கிருந்து ஆரம்பிப்பது?"

உண்மைதான் டீச்சர். ஆனால் நடைமுறைப் பயன்பாடு என்று சொல்லி நாம் வழக்கமாகக் கொடுப்பது எதுவும் இந்தக் கணக்கில் சேராது. கல்லூரியில் வருஷா வருஷம் பார்க்கிறேன்: நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை, மாணவர் விவரத் தொகுப்பு என்று அதே புராஜெக்ட்கள்தான். எந்த நூலகரும் கேட்காத நூலக மென்பொருள் அது. பைண்டு போட்டு, கையெழுத்து வாங்கியதும் அலமாரிக்குப் போய்விடும். பயன்பாடு என்றால் அதைப் பயன்படுத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் மாணவிக்குத் தெரிந்தவராக இருக்க வேண்டும். தப்பாக வந்தால் "என்னடி, கணக்கு உதைக்குதே" என்று முகத்துக்கு நேராகக் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். அப்படி ஒருத்தர் கிடைத்துவிட்டால் மீதிப் பாடம் தானாக நகரும்.

வெளிநாட்டில் இந்த வழியில் போன இரண்டு இடங்களைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் 1995-இல் கணினி அறிவியலில் சேர்ந்தவர்களில் பெண்கள் வெறும் 7 சதவீதம். ஜேன் மார்கோலிஸ், ஆலன் ஃபிஷர் என்ற இரு ஆய்வாளர்கள் அங்கே மாணவ மாணவியரிடம் விரிவாகப் பேசிப் பார்த்தார்கள். பையன்களில் பலருக்கு அந்த இயந்திரமே ஈர்ப்பாக இருந்தது. பெண்களில் பலர் மருத்துவம், கலை, கல்வி என்று வேறு ஏதாவது ஒன்றுக்கு உதவுவதாகத்தான் கணினியைப் பார்த்தார்கள். புரோகிராம் எழுதிய அனுபவம் இருந்தால்தான் இடம் என்ற போக்கை மாற்றி, பாடங்களையும் திருத்திய பிறகு, 2000-இல் பெண்களின் பங்கு 42 சதவீதம் ஆயிற்று. அதே நாட்டில் ஹார்வி மட் கல்லூரியில் முதல் பருவப் பாடத்தை ஜாவா என்ற கணினி மொழியிலிருந்து, எழுத எளிதான பைத்தான் மொழிக்கு மாற்றினார்கள். ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர்களைத் தனி வகுப்பில் உட்கார வைத்தார்கள். மரியா க்ளாவே அங்கே தலைவராக இருந்த காலத்தில், 10 சதவீத அளவில் இருந்த மாணவிகள் எண்ணிக்கை சில ஆண்டுகளில் 40-ஐத் தொட்டது.

நம் ஊர் நிலைமை வேறு. இங்கே சேர்க்கை பிரச்சினை இல்லை. கும்பகோணமோ தஞ்சாவூரோ, மகளிர் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் வகுப்பு நிரம்பித்தான் இருக்கிறது. சேர்ந்த பிறகு பாடம் ரெக்கார்டு நோட்டாக மாறிவிடுவதுதான் நம் பிரச்சினை. புரோகிராமைப் பார்த்து எழுதி, அவுட்புட்டையும் பார்த்து எழுதி, வைவாவுக்கு மனப்பாடம் செய்து முடித்துவிடுகிறார்கள். அது யாருக்கும் எதையும் செய்து கொடுப்பதில்லை. அதனால் 42, 40 என்ற எண்களை நாம் துரத்த வேண்டாம். யாருக்காக என்ற கேள்வியை மட்டும் அங்கிருந்து எடுத்துக்கொள்வோம்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். மகளிர் சுய உதவிக் குழுவில் ஆரம்பியுங்கள். உங்கள் வகுப்பில் அம்மாவோ அத்தையோ சித்தியோ குழுவில் இல்லாத பிள்ளை அபூர்வம். பன்னிரண்டிலிருந்து இருபது பேர், மாதச் சந்தா, உள்கடன், வட்டி, ஒரு நீள நோட்டு. அந்த நோட்டை எழுதுகிறவர் பெரும்பாலும் குழுவில் கொஞ்சம் படித்தவர். கணக்கு ஒத்துப்போகாத மாதம் அவருக்குத் தூக்கம் வராது. உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான்.

ஒரே ஒரு கணக்கை எடுங்கள். ஒருத்தர் 10,000 ரூபாய் கடன் வாங்குகிறார். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. பத்து மாதத்தில், மாதம் 1,000 வீதம் அசலைக் கட்ட வேண்டும். மொத்த வட்டி எவ்வளவு? வகுப்பில் பாதிப் பேர் மாதம் 100 ரூபாய், பத்து மாதத்துக்கு 1,000 என்று சொல்வார்கள். மீதிப் பேரில் யாராவது, "அசல் குறையக் குறைய வட்டியும் குறையணுமே டீச்சர்" என்பாள். அவளைப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் மாதம் 100, அடுத்து 90, அப்புறம் 80, கடைசி மாதம் 10. கூட்டினால் 550. ஒரே கடன், ஒரே வட்டி விகிதம், கணக்குப் போடும் முறையில் மட்டும் 450 ரூபாய் வித்தியாசம். வாரத் தவணைக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் ஊரில் இந்த 450-க்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

இப்போது லூப்பை, அதாவது அதே வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டளையை, சொல்லிக்கொடுங்கள். பைத்தான் 3-இல் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், அது வேலை செய்யும். உள்ளே வரும் வரிகள் இரண்டே இரண்டு:

மொத்தவட்டி = மொத்தவட்டி + அசல் * 0.01
அசல் = அசல் - 1000

தொடக்கத்தில் அசல் 10,000, மொத்தவட்டி 0. இந்த இரண்டு வரியும் பத்து முறை ஓட வேண்டும். எதற்காக ஓட வேண்டும் என்று அவளுக்கே தெரிவதால் லூப்புக்குத் தனி விளக்கம் தேவைப்படாது. இரண்டு வரியையும் இடம் மாற்றிப் போடச் சொல்லுங்கள். 550-க்குப் பதில் 450 வரும். ஏன் என்று அவர்களே பேசிக் கண்டுபிடிக்கட்டும். அசலைக் குறைத்த பிறகு வட்டி போட்டால் குழுவுக்கு 100 ரூபாய் நஷ்டம். வரிசை மாறினால் விடை மாறும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு உதாரணம் தெரியாது.

அவள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டியதும் கேள்விகள் வரத் தொடங்கும். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். "ஒரு மாசம் கட்டாம விட்டா?" என்று அத்தை கேட்பார். அதற்கு நிபந்தனை பார்க்கும் இஃப் வேண்டும். "எங்க குழுவுல பதினைஞ்சு பேரு இருக்கோம்" என்பார். பல பேர் விவரத்தைச் சேர்த்து வைக்கும் லிஸ்டும் டிக்ஷனரியும் வேண்டும். "போன மாசக் கணக்கு எங்கே போச்சு?" என்றால் கோப்பில் சேமிக்க வேண்டும், அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த அட்டவணைக் கோப்பான சிஎஸ்வி. "யார் யார் பாக்கி, அதை மட்டும் காட்டு" என்றால் தரவுத்தளத்தில் தேடி எடுக்கும் மொழியான எஸ்கியூஎல். நீங்கள் நடத்தும் பிளஸ் டூ பாடத்தில் இவ்வளவும் இருக்கிறது, இதே வரிசையில் இல்லாவிட்டாலும். பாடநூல் சொல்வதால் படிக்கும் பிள்ளைக்கும், அத்தை கேட்டதால் தேடி வரும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பருவத்துக்குள் நீங்களே பார்த்துவிடுவீர்கள்.

நெல் கணக்கும் நன்றாக வரும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. மழைக் காலத்தில் தளர்வு கேட்டுப் போராட்டம் நடப்பதும், சில ஆண்டு தளர்த்துவதும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த செய்தி. சரி, 21 சதவீத ஈரத்தில் 1,000 கிலோ நெல் இருக்கிறது. களத்தில் காயவைத்து 17-க்குக் கொண்டுவந்தால் எத்தனை கிலோ நிற்கும்? நான்கு சதவீதம் கழித்து 960 என்று சட்டென்று பதில் வரும். அது தப்பு. காய்கிறபோது போவது தண்ணீர் மட்டும், நெல்லின் உலர்ந்த பகுதி அப்படியே இருக்கும். 1,000 கிலோவில் உலர்ந்த பகுதி 790 கிலோ. காய்ந்த பிறகு அந்த 790 கிலோ மொத்த எடையில் 83 சதவீதம். ஆக, 790-ஐ 0.83-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 951.8 கிலோ. 40 கிலோ சிப்பமாகக் கட்டினால் 23 சிப்பம் போக 31.8 கிலோ மீதி. முழு எண் வகுத்தல், மீதி காணுதல் இரண்டும் இந்த ஒரு வரியிலேயே வந்துவிடுகின்றன. அப்பா சிப்பத்தை எண்ணிச் சரிபார்ப்பார். பரிசோதனை என்றால் என்ன என்பதற்கு அது போதும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. நெல் கணக்கு நிலம் உள்ள வீட்டுக்கு. டெல்டாவில் நிலமில்லாத வீடுகள் ஏராளம் என்பது உங்களுக்குத் தெரியும். வகுப்பு முழுவதற்கும் "உங்கள் வயல்" என்று சொல்லிக் கணக்குக் கொடுத்தால் சில பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். அவர்களுக்கு நடவுக் கூலியோ, நூறு நாள் வேலையில் எத்தனை நாள் முடிந்தது, எவ்வளவு கூலி ஏற வேண்டும் என்ற கணக்கோ பொருந்தும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு டீசல், ஐஸ் செலவு போக மீன் ஏலத் தொகையை எப்படிப் பங்கு பிரிப்பது என்ற கணக்கு. தையல், பூக்கட்டு, மாடு, டீக்கடை என்று எந்த வீட்டிலும் ஏதோ ஒரு கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. "உங்கள் வீட்டில் யார், எந்தக் கணக்கை, எதில் எழுதுகிறார்கள்?" என்று முதல் வாரமே ஒரு தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். வருஷம் முழுக்க வேண்டிய பயிற்சிகள் அந்தத் தாள்களில் இருக்கும்.

கோலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லூப்புக்குள் லூப் வரும் நெஸ்டட் லூப்புக்கு நட்சத்திரக் குறியை முக்கோணமாக அச்சிடுவது நம் எல்லோரும் கொடுக்கும் பயிற்சி. அதே லூப்தான் ஊடுபுள்ளி வைப்பதும். 7 புள்ளி, 4 வரை என்றால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. புள்ளிகளைப் போட்ட பிறகு பைத்தானில் கோடு வரைய உதவும் டர்ட்டில் மாட்யூலைத் திறந்துவிட்டால் சிக்குக் கோலத்தின் கம்பியை இழுக்கலாம். கம்பி எங்கே வளைகிறது, எங்கே தன்னையே வெட்டிப் போகிறது, எந்தப் புள்ளி அமைப்பில் ஒரே கம்பியில் முடிகிறது என்று தோண்டத் தோண்ட அது ஆழமான கணிதம்.

இது சமாதானத்துக்குச் சொல்வதில்லை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை அடிப்படையாக வைத்து, படங்களை விதிகளால் உருவாக்கும் பட இலக்கணங்கள் பற்றி 1974-இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். உலக அளவில் கோட்பாட்டுக் கணினியியலில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் வேலை அது. மூவரில் இருவர் பெண்கள். ராணி சிரோமணி இந்தியாவில் அந்தத் துறையின் முன்னோடிகளில் ஒருவர். கமலா கிருத்திவாசன் பிறகு சென்னை ஐஐடியில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தார். உங்கள் ஆய்வகச் சுவரில் ஒட்ட வேண்டிய படங்கள் இவை. சிலிக்கான் பள்ளத்தாக்குக் கோடீஸ்வரர்களின் படத்தை விட மாணவிக்கு இவை கிட்டத்தில் இருக்கும்.

அதற்காகப் பெண் பிள்ளைகள்தானே என்று கோலம், சமையல் குறிப்பு, பட்ஜெட் என்று சுருக்கிவிடக் கூடாது. அது வேறு விதமான வேலி. மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினமும் வெளியாகிறது. முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. பாசனத்துக்கு வழக்கமாக அணை திறக்கும் ஜூன் 12 என்ற தேதியை நம் ஊரில் சின்னக் குழந்தையும் சொல்லும். தினசரி மட்டத்தை ஒரு சிஎஸ்வி கோப்பில் சேர்த்து, உங்கள் பாடத்திலேயே வரும் மேட்பிளாட்லிப் என்ற வரைபடக் கருவியில் கோடு வரையச் சொல்லுங்கள். எந்த வாரம் சரிவு கூடுகிறது, கடைமடைக்குத் தண்ணீர் வந்த நாள் எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு அதே படத்தில் குறிக்கட்டும். அந்த வரைபடத்தோடு ஒரு மாணவி விவசாயிகள் முன்னால் நின்று பேசிவிட்டால், அப்புறம் அவளைப் பயந்த பிள்ளை என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

தமிழ் எழுத்தும் ஒரு நல்ல வாசல். 'காவிரி' என்ற சொல்லின் நீளம் எவ்வளவு என்று பைத்தானைக் கேட்டால் 6 என்று சொல்லும். நமக்கு மூன்றே எழுத்து. துணைக்கால், கொம்பு, சுழிகளையெல்லாம், எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறை தனித்தனிக் குறியாக வைத்திருப்பதால் வரும் விளைவு இது. சரியான எழுத்தெண்ணிக்கை சொல்லும் ஒரு ஃபங்ஷனை எழுதச் சொல்லுங்கள். தமிழ் நன்றாக வரும், கணக்குப் பயம் உள்ள பிள்ளைகள் இதில் முன்னால் வந்து நிற்பார்கள்.

ஆய்வகத்துக்கு வருவோம். ஒரு கம்ப்யூட்டருக்கு மூன்று பேர் என்றால் கீபோர்டு எப்போதும் ஒருத்தி கையிலேயே இருக்கும். மற்ற இருவரும் பார்த்துக்கொண்டே இரண்டு வருஷத்தை ஓட்டிவிடுவார்கள். பெண்கள் பள்ளியிலும் இது நடக்கும். பையன்கள் இருக்கும் பள்ளியில் கேட்கவே வேண்டாம். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும், தட்டாதவள் அடுத்த வரியை வாயால் சொல்ல வேண்டும் என்று விதி வையுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் உள்ள, ஏற்கெனவே தெரிந்த இரண்டொரு பிள்ளைகளை ஒரே குழுவில் சேர்த்துக் கடினமான வேலை கொடுங்கள். அவர்கள் சட்டென்று பதில் சொல்வதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் தங்களுக்கு இது வராது என்று முடிவு கட்டுகிறார்கள்.

எரர் பயம் பெரும்பாலும் ஆங்கிலப் பயம்தான். சிவப்பில் பத்து வரி வந்ததும் கையை எடுத்துவிடுகிறார்கள். கடைசி வரியை முதலில் படி, பிறகு வரி எண்ணைப் பார் என்று பழக்குங்கள். தொடக்கத்தில் வருவது நாலைந்து வகைப் பிழைகள்தான்: பெயரைத் தப்பாக அடித்தது, கோலன் (:) விட்டது, இடைவெளி தவறியது, இன்புட்டில் வாங்கியதை எண்ணாக மாற்றாமல் கூட்டப் போனது. ஒவ்வொன்றும் எப்படி வரும், என்ன அர்த்தம் என்று தமிழில் ஓர் அட்டையில் எழுதி ஒவ்வொரு கம்ப்யூட்டர் பக்கத்திலும் ஒட்டிவிடுங்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் ஆண்ட்ராய்டு போனில் பைத்தானை ஓட்டும் பைட்ராய்ட் 3 செயலியைப் போட்டுக்கொள்ளலாம், அதே வேலைக்கான கூகுள் கோலாப் தளம் போனின் பிரவுசரிலேயே ஓடும். போன் அண்ணன் கையில் இருக்கும் வீடுகள் உண்டு. அம்மாவின் குழுக் கணக்கு அந்தப் போனில் ஓடுகிறது என்றால், அரை மணி நேரம் அவள் கைக்கு வர அம்மாவே வழி செய்வார்.

இப்போதுதான் ஏஐ எல்லாவற்றையும் எழுதித் தருகிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். தரட்டும். குழு வட்டிக் கணக்கை அதனிடமே கேட்கச் சொல்லுங்கள். வந்த விடை 550-ஆ, 1,000-ஆ, 450-ஆ என்று பார்த்து, எந்த முறையில் போட்டிருக்கிறது என்று சொல்லத் தெரிந்தவளுக்குத்தான் அது வேலைக்காரன். முதலில் தாளில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் இயந்திரத்தைத் தொட வேண்டும் என்ற ஒழுங்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பெற்றோர் பக்கம். "பொம்பளப் புள்ளைய எதுக்கு மெட்ராஸ், பெங்களூருன்னு அனுப்பணும்" என்ற பேச்சுக்கு அறிவுரையால் பதில் சொல்லிப் பலன் இல்லை, தகவலைச் சொல்லுங்கள். தஞ்சாவூரிலேயே 2024-இல் நியோ டைடல் என்ற ஐடி பூங்கா திறந்தாகிவிட்டது. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு 2021-இலிருந்து இருக்கிறது, அதில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தை அரசு கட்டுகிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு உயர்கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. அது மயிலாடுதுறை பக்கத்து மூவலூரின் பெயரைத் தாங்கிய இராமாமிர்தம் அம்மையார் நினைவில் தொடங்கியது, நம் மண்ணின் பெண்மணி. இதையெல்லாம் ஒரு பெற்றோர் கூட்டத்தில் சொல்வதோடு, அதே நாளில் குழுக்காரர்களையும் அழைத்து, பிள்ளைகள் செய்ததை அவர்களே ஓட்டிப் பார்க்க வையுங்கள். வேலை கிடைக்குமா என்ற சந்தேகம் உள்ள அப்பாவுக்கு, தன் பெண் எழுதியதை ஊர்க்காரர் ஒருவர் பயன்படுத்துவதைப் பார்ப்பது நாம் சொல்லும் எதைவிடவும் எடுபடும்.

கடைசியாக, எதை எப்போது. ஜூனில் பள்ளி திறந்ததும் மேட்டூர் மட்டத்தைக் குறிக்கத் தொடங்கிவிடுங்கள், அது தினம் ஐந்து நிமிஷ வேலை. ஜூலை, ஆகஸ்டில் குழுக் கணக்கு. அதற்குப் பருவம் கிடையாது. குறுவை அறுவடை செப்டம்பர், அக்டோபரில் மழையோடு வரும். ஈரப்பதச் சண்டை சூடாக இருக்கும் அந்த வாரங்களில்தான் நெல் கணக்கு எடுபடும். சம்பா அறுவடைக்குக் காத்திருந்தால் பொங்கல் தாண்டிவிடும், செய்முறைத் தேர்வு நெருங்கிவிடும். மார்கழிக்குக் கோலம். ஜனவரியில் புதிதாக எதுவும் வேண்டாம், செய்ததை ரெக்கார்டு நோட்டில் ஏற்றுங்கள். முடிந்தால் தேர்வுக்கான புரோகிராம்களோடு ஒவ்வொருத்தியின் வீட்டுக் கணக்கும் அதில் ஒரு பக்கமாக இருக்கட்டும், யாருக்காக எழுதியது என்ற பெயரோடு.